கிள்ளானுக்கு 20, ஜொகூருக்கு 21

பிப்ரவரி 3, 2025, திங்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய ஒரு மாடி. சிறு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதித் தரும் பெண்மணிக்கு மாதத்தின் முதல் வாரம் முழுக்க எக்செல்தான். கணக்கு மென்பொருள் தரும் லாப நட்ட அறிக்கை எல்லாருக்கும் ஒரே அச்சு. முதலாளிகள் கேட்பதோ வேறு: கிளைவாரியாக, வேலை நாள் ஒன்றுக்கு எவ்வளவு வருமானம்? இதற்கென்றே அலுவலகத்தில் ஓர் ஆட்-இன் எழுதி வைத்திருக்கிறார்கள். கிளையையும் மாதத்தையும் கொடுத்தால் பேரேட்டில் தேடிக் கூட்டி, வேலை நாட்களால் வகுத்துத் தந்துவிடும்.

இன்று கிள்ளான் சரக்கு நிறுவனம் ஒன்றின் ஜனவரி அறிக்கை. கிள்ளான் தலைமையகத்துக்கும் ஜொகூர் பாரு கிளைக்கும் வேலை நாள் 20 என்றே வந்தது. ஜனவரி 1 சிலாங்கூரில் விடுமுறை, ஜொகூரில் இல்லை. பிறகு எப்படி இரண்டும் ஒன்றாகும்?

பிப்ரவரி 4, செவ்வாய்

பிடிபட்டது. ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளி, சனி. தனியார் நிறுவனங்கள் விரும்பியதை வைத்துக்கொள்ளலாம். இந்த நிறுவனம் அரசு அலுவலகங்களை ஒட்டியே போனது. இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் மாநிலம் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. ஆட்-இன் உள்ளே வேலை நாட்களை எண்ணும் 'நெட்வொர்க்டேஸ்.இன்ட்ல்' ஃபங்ஷனில் வெள்ளி-சனிக்கு எண் 7, சனி-ஞாயிறுக்கு 1. பழைய 7 அப்படியே கிடந்தது.

7 போட்டால் ஜனவரியில் 22 நாள். சீனப் புத்தாண்டின் இரண்டு நாட்கள் போக 20. 1 போட்டால் 23, போக 21. கிள்ளானுக்கு ஆங்கிலப் புத்தாண்டும் கழிவதால் 20. ஆக ஜொகூர் கிளையின் நாள் வருமானம் 5 விழுக்காடு ஊதிக் காட்டியிருக்கிறது. திரையில் எந்தச் சிவப்பு எழுத்தும் வரவில்லை. பிழையில் இதுதான் மோசமான வகை.

பிப்ரவரி 6, வியாழன்

உள்ளூர் மளிகைக் கடைக் கணக்கு. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கப் பில்லின் மொத்தத்தை 5 சென்னுக்குச் சரிசெய்ய வேண்டும். எக்செல்லின் 'எம்ரவுண்ட்' ஃபங்ஷன் அதைச் செய்யும். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் போட்டுவிடக் கூடாது: 1.98 ரிங்கிட் பொருள் மூன்று வாங்கினால் தனித்தனியே 2.00 ஆகி மொத்தம் 6.00 வரும், சரியான பில் 5.94, சரிசெய்தால் 5.95.

இதே எம்ரவுண்டும், மாதக் கடைசி நாளைச் சொல்லும் 'இஓமன்த்'தும் எக்செல் 2003 வரை ஆட்-இன் சரக்குதான். 'அனாலிசிஸ் டூல்பேக்'கை டிக் செய்யாத கணினியில் '#நேம்?' என்று முறைக்கும். 2007 பதிப்பில்தான் எக்செல் அவற்றை உள்ளே சேர்த்துக்கொண்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். அலுவலகம் பூட்டு. கோலாலம்பூரில் இந்த விடுமுறை 2008இல்தான் வந்தது. கிளந்தான், திரங்கானுவில் இன்றும் இல்லை. எனவே விடுமுறைப் பட்டியலை நாடு முழுதுக்கும் ஒன்றாக வைக்க முடியாது, மாநிலத்துக்கு ஒரு பத்தி வேண்டும். பத்துமலைக்குப் போகிற வழியிலும் அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டு போனாராம்!

பிப்ரவரி 13, வியாழன்

திருத்திய ஆட்-இன் மின்னஞ்சலில் கிள்ளானுக்குப் போனது. அங்கே எக்செல் அதைத் தடுத்துவிட்டது. இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இப்படித்தான் முடக்குகிறது.

"அக்கா, சிவப்பா ஒரு பட்டை வருது, என்ன செய்யறது?" என்று அங்குள்ள பையன் போன் செய்தான். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்'கை டிக் செய்யச் சொன்னார். மேக்ரோ இல்லாமலே சொந்த ஃபங்ஷன் எழுத உதவும் 'லாம்ப்டா'வில் எழுதியிருந்தால் ஃபங்ஷன் அறிக்கைக் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் கிள்ளானில் இருப்பது எக்செல் 2016. அதில் லாம்ப்டா ஓடாது.

மாலையில் முதலாளியே அழைத்தார். ஜனவரியைப் பார்த்தாராம், பக்கத்தில் டிசம்பரும் வேண்டுமாம். 2024 டிசம்பரில் ஜொகூருக்கு இன்னும் 7தான். ஆகவே வார விடுமுறை எண்ணையும் இனி தேதியைப் பார்த்தே ஆட்-இன் எடுக்க வேண்டும். அந்த வேலை திங்கட்கிழமைக்கு.