ஒரு சின்னக் கீறல் உண்டு

1995 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிட்யார் என்பவர் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினார். மக்கள் தங்களிடம் உள்ள பொருள்களை அங்கே ஏலத்தில் விற்கலாம். அங்கே விற்பனையான முதற் பொருள் என்ன தெரியுமா? ஒரு லேசர் விளக்கு! சுவரில் சிவப்புப் புள்ளி காட்டுமே, அந்தச் சின்ன விளக்குதான். ஆனால் அது பழுதான விளக்கு. விலை 14.83 டொலர்.

ஒமிட்யாருக்கே வியப்பாக இருந்ததாம். விளக்கு பழுதானது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று வாங்கியவரிடம் கேட்டாராம். பழுதான லேசர் விளக்குகளைச் சேர்ப்பதுதான் தன்னுடைய பொழுதுபோக்கு என்று அவர் பதில் சொன்னாராம்!

அந்த இணையத்தளம்தான் பின்னர் 'ஈபே' என்று பெயர் பெற்றது. அதே நிறுவனம் 2005 இல் கனடாவில் 'கிஜிஜி' என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது. கிஜிஜி என்பது ஆபிரிக்காவில் பேசப்படும் சுவாகிலி மொழிச் சொல். அதன் பொருள் 'கிராமம்'.

இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவர் அப்பா. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா எங்களோடு இருக்க வரப் போகிறார் என்று செய்தி வந்தது. ஒக்டோபர் 5 ஆம் திகதி விமானம். அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவரால் மாடிப்படி ஏற முடியாது. ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டில் கீழே ஓர் அறைதான் இருக்கிறது. ஆனால் அந்த அறையின் கதவைக்கூட முழுதாகத் திறக்க முடியாது. உள்ளே அவ்வளவு சாமான்!

அக்காவின் பழைய படிப்பு மேசை, என்னுடைய சின்னச் சைக்கிள், தம்பி குழந்தையாக இருந்தபோது இருந்து சாப்பிட்ட உயரக் கதிரை, எங்களுக்கு அளவில்லாமல் போன இரண்டு பனிக்கால உடுப்புகள், ஒரு புத்தக அலுமாரி, பெட்டி பெட்டியாகப் பொம்மைகள்.

"எறியவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை," என்றார் அம்மா.

"அம்மம்மாவுக்குக் கட்டில் வாங்க வேணும். அந்தக் காசு இந்த அறைக்குள்ளைதான் கிடக்குது," என்றார் அப்பா.

எங்களுக்கு நான்கு கிழமைகள் இருந்தன. முதலில் எல்லாச் சாமானையும் வெளியே எடுத்து, மூன்றாகப் பிரித்தோம். ஒன்று வைத்திருக்க, ஒன்று சும்மா குடுக்க, ஒன்று விற்க. பொம்மைகளில் பாதி 'குடுக்க' என்ற பக்கம் போயிற்று. தம்பி மட்டும் ஒரு பழைய யானைப் பொம்மையை மூன்று தரம் திருப்பி எடுத்து வந்து 'வைத்திருக்க' என்ற பக்கம் போட்டான். கடைசியில் யானை வென்றது.

விற்கும் பொருள்களுக்கு என்ன விலை போடுவது? "இந்த மேசையை நாங்கள் 150 டொலருக்கு வாங்கினோம். 100 டொலர் போடுவோமா?" என்று அக்கா கேட்டார். அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "நாங்கள் குடுத்த காசு வாங்க வாற ஆளுக்கு ஏன்? இப்ப இப்பிடி ஒரு மேசை என்ன விலைக்குப் போகுது எண்டு பார்," என்றார். அக்கா இணையத்தில் தேடிப் பார்த்தார். அதேபோன்ற பழைய மேசைகளுக்கு 30 முதல் 50 டொலர் வரை கேட்டிருந்தார்கள். நாங்கள் 40 என்று முடிவு செய்தோம்.

பருவ காலத்தையும் பார்க்க வேண்டும். செப்டெம்பர் மாதத்தில் பனிக்கால உடுப்பைத் தேடுவார்கள். ஆனால் குளிர் வரும் நேரத்தில் சைக்கிளை யார் தேடுவார்? சைக்கிளை வசந்த காலத்தில் விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். எங்களுக்கோ அவ்வளவு காலம் இல்லை. அதனால் சைக்கிளின் விலையைக் குறைத்துப் போட்டோம்.

அடுத்து, படம் எடுக்கும் வேலை. அதை அக்கா செய்தார். மேசையின் மேற்பலகையில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது.

"அப்பா, கீறல் தெரியாத பக்கமா எடுக்கட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. கீறலுக்குக் கிட்டப் போய் இன்னொரு படம் எடு."

"அப்ப ஆர் வாங்குவினம்?"

"கீறல் பரவாயில்லை எண்டு நினைக்கிற ஆள் வாங்கும். முந்தி ஒருத்தர் பழுதான விளக்கையே தெரிஞ்சு வாங்கினவர் எல்லோ?"

அப்போதுதான் அப்பா அந்த லேசர் விளக்கின் கதையைச் சொன்னார்.

விளம்பரத்தை ஆங்கிலத்தில் எழுதினோம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "படிப்பு மேசை. நீளம் 120 சென்ரிமீற்றர், அகலம் 60 சென்ரிமீற்றர். இரண்டு இழுப்பறைகள். மேலே ஒரு சின்னக் கீறல் உண்டு. படத்தைப் பார்க்கவும். விலை 40 டொலர்."

முதலில் இரண்டு பேர் கேட்டார்கள். கீறல் இருப்பதால் 20 டொலருக்குத் தர முடியுமா என்றார்கள். அப்பா மறுத்துவிட்டார். மூன்று நாள் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது. நான்காம் நாள் ஒரு பல்கலைக்கழக மாணவி வந்தார். கீறலை விரலால் தடவிப் பார்த்தார். "படத்தில் பார்த்தது போலவே இருக்கிறது," என்றார். பேரம் பேசாமல் 40 டொலரைத் தந்துவிட்டு மேசையை எடுத்துப் போனார்.

இணையத்தில் விற்கும்போது கவனமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா மூன்று விதிகள் வைத்தார். முதலாவது, வாங்க வருபவர்களோடு பெரியவர்கள் மட்டும்தான் பேச வேண்டும். இரண்டாவது, விளம்பரத்தில் வீட்டு விலாசத்தை எழுதக் கூடாது. சின்னப் பொருள் என்றால் நூலக வாசல் போன்ற, ஆட்கள் நடமாடும் இடத்தில் கொடுக்க வேண்டும். கனடாவில் சில நகரங்களில் இதற்காகப் பொலிஸ் நிலைய வாகனத் தரிப்பிடத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது, காசு கைக்கு வந்த பிறகுதான் பொருளைக் கொடுக்க வேண்டும். "காசு அனுப்புறன், இந்த இணைப்பை அழுத்துங்கோ" என்று யாராவது எழுதினால், அதைத் தொடவே கூடாது.

அறையின் மூலையில் இன்னொரு பொருளும் இருந்தது. அது ஒரு நடைவண்டி. குழந்தையை நடுவில் இருத்தினால், காலால் உதைத்து உதைத்து ஓடுமே, அந்தச் சில்லு வைத்த வண்டி. தம்பி பிறந்தபோது யாரோ தந்தது. அம்மா அதைப் பாவிக்கவே இல்லை.

உயரக் கதிரையை வாங்க வந்தவர் அந்த நடைவண்டியைக் கண்டார். அவரும் தமிழர்தான்.

"அண்ணை, இதையும் தாங்கோவன். 40 டொலர் தாறன்," என்றார்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். 40 டொலர்! முழு மேசைக்கும் கிடைத்த காசு!

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ தம்பி. இது விற்கிறதில்லை," என்றார் அப்பா.

"ஏன் அண்ணை, புதுசு மாதிரித்தானே இருக்கு?"

"உங்கடை வீட்டிலை படி இருக்கோ?"

"ஓம், கீழ்த்தளத்துக்குப் போற படி இருக்கு."

"அதுதான் பயம்," என்று சொல்லி அப்பா காரணத்தை விளக்கினார். நடைவண்டியில் இருக்கும் குழந்தை, நாங்கள் ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் படிக்கட்டுக்குப் போய்விடும். அப்படி உருண்டு விழுந்த குழந்தைகளுக்குத் தலையில் பலத்த காயங்கள் ஏற்பட்டன. அதனால் 2004 ஏப்ரல் மாதத்தில் கனடா அரசு இந்த வண்டிகளை விற்பதையும், விளம்பரம் செய்வதையும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதையும் தடை செய்தது. இப்படித் தடை செய்த முதல் நாடு கனடாதான். பழைய வண்டியைக்கூட விற்க முடியாது.

அம்மாவும் சேர்ந்து சொன்னார்: "பிள்ளையளின்ரை பழைய சாமான் எண்டால், விற்க முதலும் வாங்க முதலும் ஹெல்த் கனடாவின்ரை இணையத்தளத்திலை ஒருக்கால் பாருங்கோ. பழுது எண்டு திருப்பி எடுத்த சாமான் எல்லாம் அதிலை இருக்கும்."

வந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எங்கடை மகளுக்கு இப்ப எட்டு மாசம். நல்ல காலம் சொன்னியள்," என்றார். உயரக் கதிரைக்கு 25 டொலர் தந்துவிட்டுப் போனார்.

அன்று இரவு அப்பா நடைவண்டியின் சில்லுகளைக் கழற்றினார். இருக்கையையும் வெட்டினார். "முழுசாக் குப்பையிலை போட்டால், ஆரும் எடுத்துக்கொண்டு போய்ப் பாவிப்பினம்," என்றார்.

நான்கு கிழமைகள் முடிந்தபோது நான் கணக்குப் பார்த்தேன். மேசை 40, உயரக் கதிரை 25, பனிக்கால உடுப்புகள் 45, சைக்கிள் 20, அலுமாரி 30. மொத்தம் 160 டொலர்!

இப்போது நாங்கள் வாங்கும் ஆட்களாக மாறினோம். இணையத்தில் பல கட்டில்கள் இருந்தன. அவற்றில் ஒரு மரக் கட்டிலின் விளம்பரத்தில், "ஒரு கால் கொஞ்சம் ஆடும்" என்று எழுதியிருந்தது. அம்மா அதைத்தான் தெரிந்தெடுத்தார். "ஆடுறதைச் சொல்லி இருக்கினம். அப்ப மற்றதெல்லாம் உண்மையாத்தான் இருக்கும்," என்றார். விலை 70 டொலர். வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா ஒரு திருகாணியை இறுக்கினார். அதன் பிறகு கட்டில் ஆடவில்லை. மிகுதிக் காசோடு அப்பா இன்னும் கொஞ்சம் சேர்த்து, புதிய மெத்தை வாங்கினார்.

அம்மம்மா வந்து இப்போது மூன்று கிழமைகள் ஆகின்றன. போன சனிக்கிழமை அக்கா தன்னுடைய பழைய சலங்கைகளைக் கொண்டுவந்தார். அக்கா இப்போது பெரிய சலங்கை கட்டித்தான் ஆடுகிறார். பழையதைத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் விற்கலாம் என்று அம்மா சொன்னார். இந்த முறை விளம்பரத்தைத் தமிழில் எழுத வேண்டும். அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

நான் எழுதிக்கொண்டு இருந்தபோது, அம்மம்மா சலங்கைகளை மடியில் வைத்து மணிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கீறல் கதையை நாங்கள் அம்மம்மாவுக்குச் சொல்லவே இல்லை.

"பிள்ளை, இதிலை ரெண்டு மணி குறையுது. எழுதினியோ?" என்று கேட்டார்.

நான் எழுதி முடித்த விளம்பரம் இதுதான்:

"பரதநாட்டியச் சலங்கை, ஒரு சோடி. மூன்று வரிசை மணிகள். தோல் நல்ல நிலையில் உள்ளது. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். விலை 15 டொலர். இடது சலங்கையில் இரண்டு மணிகள் இல்லை."