கல்லை நகர்த்தியது யார்?

காரவள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மேலே போகிற பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் டீக்கடைப் பெஞ்சில் பேசாத விஷயம் கிடையாது. மிளகு விலை, பலா விளைச்சல், யார் வீட்டில் கல்யாணம் எல்லாம் வரும். 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவும் அந்தப் பெஞ்சுக்கு வந்துவிட்டது. ஒரு பையன், "அக்டோபர் 7-ல ஹமாஸ்காரங்க 1,200 பேரைக் கொன்னாங்களே, அதுலதானே ஆரம்பிச்சுது?" என்கிறான். இன்னொருவன், "1948-ல ஏழு லட்சம் பாலஸ்தீனர்களை ஊரை விட்டே துரத்தினாங்களே, அதைக் கணக்குல சேர்க்க மாட்டியா?" என்கிறான். சத்தம் ஏறியதும் இருவரும் என் பக்கம் திரும்புவார்கள். "ஐயா, நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேல?"

கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் இன்னும் மணியக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பங்காளித் தகராறு பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. வரப்பில் நின்றுகொண்டு இரண்டு பேரும் தாத்தா காலத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அன்றைக்குக் கிணற்றுத் தண்ணீரை மறித்தது யார், பெரியவர் சாவுக்கு வராமல் இருந்தது யார் என்று கதை போய்க்கொண்டே இருக்கும். இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். சர்வேயர் சங்கிலியை இழுத்து முடிக்கிறவரை பேசவிட்டுவிட்டு, புலப்படத்தைக் கையில் விரித்து நான் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் கல் இங்கே இருக்க வேண்டும், அங்கே இருக்கிறது, நகர்த்தியது யார்? அதற்குப் பதில் வந்த பிறகு தாத்தா கதையைக் கேட்பேன். ஏன் நகர்த்தினார் என்பதை அந்தக் கதை சொல்லும், அதனால் அது தேவை. ஆனால் நகர்த்தியவர் பொறுப்பை அது குறைக்காது.

பையன்களுக்கு நான் காசாவைப் பற்றி நேராகப் பதில் சொல்வதில்லை. நமக்கு நெருக்கமான இலங்கையைச் சொல்கிறேன்.

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 சிப்பாய்கள் இறந்தார்கள். மறுநாளிலிருந்து கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அடையாளம் காட்டினார்கள். வெலிக்கடைச் சிறையில் பூட்டிக் கிடந்த 53 தமிழ்க் கைதிகள் இரு வேறு நாட்களில் கொல்லப்பட்டார்கள். கேட்டால், "முதலில் 13 பேரைக் கொன்றது யார்?" என்றார்கள். கொழும்பில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்கும் திருநெல்வேலியில் வெடித்த கண்ணிவெடிக்கும் என்ன சம்பந்தம்? இதைச் சொல்லும்போது பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். நம் பக்கத்து நியாயம் நமக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது.

அடுத்ததைச் சொல்லும்போதுதான் பெஞ்சு அமைதியாகிறது.

1990 ஆகஸ்ட் 3 அன்று இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தார்கள், தப்பிப் பிழைத்தவர்கள் புலிகளைத்தான் சொன்னார்கள். அடுத்த வாரமே ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களை முஸ்லிம் ஊர்காவல் படையினர் கொன்றார்கள். கிழக்கில் எரிந்த இந்தத் தீக்கு விலை கொடுத்தது, அதில் எந்தப் பங்கும் இல்லாத வடக்கு முஸ்லிம்கள். அந்த அக்டோபரில் சாவகச்சேரி, மன்னார் என்று ஊர் ஊராக வெளியேற்றினார்கள். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒலிபெருக்கி வைத்து ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். போகிற வழியில் நகை, பணம், பத்திரம் எல்லாம் பறிக்கப்பட்டன. பெண்பிள்ளைகளின் காதில் கிடந்த தோட்டையும் கழற்றினார்கள். தமிழில் பேசி, தமிழில் படித்து, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த மக்கள் அவர்கள். வடமாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் கட்டிய துணியோடு புத்தளம் பக்கம் போய் ஓலைக்கொட்டகைகளில் தங்கினார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு.

அந்தக் கல்லை நகர்த்தியது யார்? விடுதலைப் புலிகள். இதைச் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை, நெஞ்சு வலிக்கிறது. 1956-ல் தனிச்சிங்களச் சட்டம் வந்ததும், 1981-ல் யாழ் நூலகம் எரிந்ததும், 83-ல் கொழும்பு எரிந்ததும் நமக்கு நடந்த கொடுமைகள். ஆயுதம் ஏன் தூக்கினார்கள் என்பதற்கு அவையெல்லாம் காரணம் சொல்லும். ஒரு முஸ்லிம் தாயிடம் இரண்டு மணி நேரம் கெடு வைத்ததற்கு அவற்றில் ஒன்றுகூடக் காரணம் ஆகாது. 2002-ல் கிளிநொச்சியில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது புலிகளின் தரப்பே அதைப் பிழை என்று ஒப்புக்கொண்டது. நம் ஊர் மேடைகளில் மட்டும் அது இன்றுவரை பேசப்படாத பேச்சாகவே இருக்கிறது.

"இதையெல்லாம் சொன்னா சிங்களவனுக்கு வாய் கிடைச்ச மாதிரி ஆகாதா ஐயா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்விதான். 2011-ல் ஐ.நா. வல்லுநர் குழு கொடுத்த அறிக்கையைப் பார்க்கச் சொன்னேன். இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்றும், அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களிலும் மருத்துவமனைகள் மீதும் குண்டு விழுந்தது என்றும் அது சொன்னது. அதே அறிக்கை, புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்ததையும் தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் சொன்னது. இரண்டாவதைச் சொன்னதால் முதலாவது பொய்யாகிவிடவில்லை. அது அறிக்கைக்கு நம்பகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. தன் பக்கத்துத் தவறை மறைக்கிறவன் சொல்லும் சாட்சியை எந்தப் பஞ்சாயத்தும் ஏற்காது.

எல்லோரும் குற்றவாளிகள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. 2004 ஜூலையில் அப்போதைய இலங்கை ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, 1983-ன் கறுப்பு ஜூலைக்காகத் தமிழர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நாட்டு மக்கள் எல்லோரும் பழியை ஏற்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். பெரிய மனதுதான், மறுக்கவில்லை. ஆனால் பழியை ஊர் முழுக்கப் பகிர்ந்துவிட்டால், வாக்காளர் பட்டியலை எடுத்துக் கொடுத்த கையும் பெட்ரோல் ஊற்றிய கையும் கூட்டத்தில் மறைந்துவிடும்.

இரண்டு பக்கமும் சமம் என்றும் நான் சொல்லவில்லை. ராணுவமும் விமானமும் நீதிமன்றமும் கையில் வைத்திருக்கும் அரசுக்குப் பொறுப்பு கூடுதல். இலங்கைக்கும் அப்படித்தான், இஸ்ரேலுக்கும் அப்படித்தான். காசாவில் பல பத்தாயிரம் பேர் செத்தார்கள்; அதில் குழந்தைகள் எத்தனை ஆயிரம்! அக்டோபர் 7-ன் கொடுமை அந்தக் குழந்தைகளின் சாவுக்குக் கணக்கு நேர் செய்யாது. 1948-ன் கொடுமை அக்டோபர் 7 அன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றதற்கும் கணக்கு நேர் செய்யாது. 2024 நவம்பர் 21 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலன்ட், ஹமாஸ் படைத்தளபதி முகமது தைஃப் ஆகிய மூவர் மீதும் ஒரே நாளில் பிடியாணை பிறப்பித்தது. யூதர்கள் மீதும் அல்ல, பாலஸ்தீனர்கள் மீதும் அல்ல. ஆளின் பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லிக் குற்றம் சாட்டியது. எனக்கு அதுதான் முறையாகப் படுகிறது.

எங்கள் மலைக்கே அப்படி ஒரு கதை உண்டு. ஆடி மாதம் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறோம். அந்த ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. அவனும் கடையெழு வள்ளல்களில் ஒருவன்தான். வாரிக் கொடுத்த கை என்பதற்காக ஓரியின் சாவு அவன் பேரிலிருந்து அழிந்துவிடவில்லை.

பேர் சொல்லாமல் இனத்தின் மேல் பழி போட்டால் என்ன ஆகும் என்பதை 1991-க்குப் பிறகு நம் மாநிலத்திலேயே பார்த்தோம். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றவர்கள் சிலர். சந்தேகம் விழுந்ததோ முகாம்களில் இருந்த அத்தனை ஈழத்தமிழ் அகதிகள் மேலும். முகாமை விட்டு வெளியே போகவும் கட்டுப்பாடு வந்தது. பணக்கொடை வாங்க வரிசையில் நின்ற ஒரு கிழவி, பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிட்டு, "நாங்கள் என்ன செய்தனாங்கள் ஐயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சிங்களக் காடையரும் அவரைத் தமிழர் என்பதற்காகத்தான் துரத்தினார்கள். இங்கே நாமும் அவரை ஈழத்தமிழர் என்பதற்காகச் சந்தேகப்பட்டோம்.

நாமக்கல் மாவட்டத்திலேயே, பரமத்தியில், அப்படிப்பட்டவர்களின் முகாம் இருக்கிறது. அங்கேயே பிறந்த பிள்ளைகள் பலருக்கும் இந்தியக் குடியுரிமை எட்டாக்கனிதான். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. அவர்கள் இங்கே வந்ததற்கு நாம் காரணமில்லை. ஆனாலும் இது நம் பொறுப்பு.

தம்பிகளே, காசாவுக்காக நீங்கள் கொதிப்பது நியாயம். மே 18 அன்று முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றுவதும் நியாயம். இந்த வருஷம் அக்டோபர் 30 அன்றும் ஒரு கூட்டம் போடுங்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு என்ன நடந்தது, செய்தது யார் என்று நம் ஊரில், நம் வாயால் சொல்லுங்கள். நானும் வந்து உட்காருகிறேன்.