ஹாரன் அடிக்காதீங்க... காட்டு மாடு ரோட்டைக் கடக்குது! பழனி டு கொடைக்கானல் வழியில் ஒரு குடும்ப 'சஃபாரி'

"ஆப்பிரிக்காவுல நம்ம காரை நாமளே ஓட்டிக்கிட்டுப் போய் யானை, சிங்கமெல்லாம் பார்க்கலாமாம்ப்பா. நாமளும் போலாமா?"

பின்சீட்டிலிருந்து ஏழாம் வகுப்பு மகள் கேட்டபோது கார் வரதமாநதி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியிருந்தது. "இப்ப அங்கதானே போயிட்டிருக்கோம். சிங்கம் மட்டும் இருக்காது" என்றார் அப்பா. பக்கத்தில் அம்மா. பின்னால் மகளோடு, மடியில் கட்டுச்சோற்றுப் பையுடன் அம்மாயி. பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு, இ-பாஸ் எடுத்து கொடைக்கானலுக்குக் கிளம்பிய தாராபுரத்துக் குடும்பம் அது.

மகள் சொன்னது தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். திண்டுக்கல் மாவட்டத்தைப்போல மூன்று மடங்கு. 1927-ல் மூன்றே கார்களுடன் அங்கே தொடங்கிய வழக்கம், இன்று உலகம் முழுக்கப் பிரபலம். தார் ரோட்டில் 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கவே கூடாது. சாயங்காலம் கேட் மூடுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும்.

நம் ஊர் முதுமலையிலோ டாப்சிலிப்பிலோ சஃபாரி என்றால் வனத்துறை வண்டியில்தான். ஆனால், பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் 60-க்கும் அதிகமான கிலோமீட்டர் மலைச்சாலை பொதுச்சாலை. 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் மட்டும் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். மலையண்ணல், கருமந்தி, கடமான், கேளையாடு, செந்நாய், யானை எல்லாம் இந்த மலையில் உண்டு. கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது. எது எப்போது குறுக்கே வரும் என்று சொல்லவும் ஆள் கிடையாது.

சவரிக்காடு தாண்டியதும் ஏ.சி-யை அணைத்துக் கண்ணாடியை இறக்கினார்கள். காபித் தோட்டம், மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, இடையிடையே மலைவாழை. அம்மாயிக்கு வாழையைப் பார்த்ததும் பஞ்சாமிர்தம் ஞாபகம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்ததே இந்த விருப்பாச்சி மலைவாழைதான். 2008-லேயே புவிசார் குறியீடு பெற்ற பழம். முடிக்கொத்து நோய் ஒருகாலத்தில் இந்த வாழையை ஏறக்குறைய அழித்தே விட்டது. மீண்டு வந்தால், இப்போது யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது.

வடகவுஞ்சி பிரிவில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மணி நாலரை. "யானை வருமாங்க?" என்று மகள் ஆசையாய்க் கேட்டாள். டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "வராம இருக்கணும் பாப்பா. உங்களுக்கு அது வேடிக்கை. எங்களுக்கு ஒரு வருஷத்து வாழை" என்றார். பிறகு அப்பாவிடம், "பொழுது சாயுறதுக்குள்ள பெருமாள்மலை தாண்டிருங்க சார். வளைவுல நின்னு போட்டோ எடுக்காதீங்க" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை என்பதுபோல, சில வளைவுகள் தாண்டியதும் நின்றது அது. கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள், உள்நோக்கி வளைந்த கொம்பு. ஊரில் எல்லோரும் 'காட்டெருமை' என்கிறார்கள். உண்மையில் எருமை இனமே இல்லை, மாட்டினம். சங்கப்பாட்டில் வரும் 'ஆமா' இதுதான். வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரைகூட இருக்கும். சின்னக் கார் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்பாவின் கை தானாக ஹாரனுக்குப் போனது. மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தே பழகிய கை. "வேண்டாங்க" என்று அம்மா கையைப் பிடித்தார். முப்பதடி பின்னால் எடுத்து நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றினார்கள். மாடு மெதுவாகத் திரும்பி, தன் முழுப் பக்கவாட்டையும் காட்டி நின்றது. 'நான் எவ்வளவு பெரியவன் பார்' என்று காட்டுகிற எச்சரிக்கை அது. அழகாக போஸ் கொடுக்கிறது என்று நினைத்து இறங்கிப்போய் முட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

பின்னால் வந்த பஸ்ஸும் சத்தமில்லாமல் நின்றது. பைக்கில் வந்த இரண்டு பையன்கள் மட்டும் செல்போனை நீட்டியபடி முன்னே நகர, பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர் தணிந்த குரலில் அதட்டினார்: "தம்பி, குட்டி இருக்குடா. வண்டியைத் திருப்பு!"

அப்போதுதான் தெரிந்தது. சரிவிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வந்தன. மகள் எண்ணினாள், ஏழு. கடைசியில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கன்று, தாரில் கால் வைக்கத் தயங்கி நின்றது. தாய் திரும்பி வந்து பக்கத்தில் நின்ற பிறகே கடந்தது. எல்லாம் காட்டுக்குள் இறங்கும்வரை அந்த முதல் மாடு ரோட்டைவிட்டு அசையவில்லை. அம்மாயி மட்டும், "முருகா, முருகா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பெருமாள்மலை வந்து சேர்ந்தபோது லேசாக இருட்டிவிட்டது. ஒரு போட்டோகூட எடுக்கவில்லையே என்று மகளுக்கு வருத்தம். "கன்னுக்குட்டி பயந்துச்சுல்ல அம்மாயி?" என்றாள்.

"நீ மட்டும் என்னவாம்? என் முந்தானையை இன்னும் விடல பாரு" என்றார் அம்மாயி.