கடைசி பெஞ்சும் மூலைவிட்டமும்

தம்பி, ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் எடுக்கப் போகிறாயாமே, நல்லது. பாடப் புத்தகத்தில் ஒரு மூலையில் கட்டம் கட்டி, தாடி வைத்த படம் ஒன்றைப் போட்டு, அவர் எந்த நாட்டுக்காரர், எந்தக் காலம் என்று அச்சடித்திருப்பார்கள். அதை வாசித்துக் காட்டிவிட்டு, கணித வரலாறு சொல்லியாயிற்று என்று நினைத்துவிடாதே. அதனால் ஒரு மார்க் கேள்வி கூடும், அவ்வளவுதான். விடை தெரியாமல் அந்தக் காலத்து மனிதன் எங்கே நின்று விழித்தானோ, அங்கே கொண்டுபோய்ப் பிள்ளைகளை நிறுத்து.

பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலில் சாக்ரடீஸ், கணக்கே படிக்காத ஓர் அடிமைப் பையனைக் கூப்பிட்டு ஒரு சதுரம் காட்டுகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4. இதைப்போல இரண்டு மடங்கு பரப்புக்குப் பக்கம் எவ்வளவு? பையன் தயங்காமல் 4 என்கிறான். பரப்பு 16 ஆகிவிடுகிறது. சரி, 3 என்கிறான். 9 வருகிறது; வேண்டியதோ 8. தெரியவில்லையே என்று நிற்கிறான். அதன் பிறகுதான் மூலைவிட்டம் வருகிறது. அதையே பக்கமாக வைத்துச் சதுரம் கட்டினால் சரியாக 8.

இதை உன் வகுப்பில் செய்து பார். நிறையப் பேர் 4 என்றுதான் சொல்வார்கள். உடனே திருத்தாதே, கட்டம் போட்ட தாளில் வரைந்து அவர்களே எண்ணட்டும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பையனும் இதே விடையைத்தான் சொன்னான் என்று அப்புறம் சொல். கணக்கு நமக்கு வராது என்று கடைசி பெஞ்சில் ஒதுங்கியவன் நிமிர்ந்து பார்ப்பான். தனக்குத் தெரியாது என்று புரிந்தவனுக்குத்தான் தேடத் தோன்றும் என்பது சாக்ரடீஸின் வாதம். என் வயசுக்குப் பார்த்த வரையில், அது கணக்குக்கு மட்டும் பொருந்துகிற விஷயமில்லை.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். அதுவும் பொய்யில்லை. எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம், மூலைவிட்டம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்.

அதன் நீளத்தைத் தேடியவர்கள் பல ஊரில் இருந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கையளவு பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. வயது மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். பள்ளி மாணவன் எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரு சதுரம், இரண்டு மூலைவிட்டம், மூன்றே எண்கள். நம் கணக்குக்கு மாற்றினால், பக்கம் 1க்கு மூலைவிட்டம் 1.414213.

எங்கள் பாட்டன் முதலிலேயே சொன்னான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தமிழ்ச் செய்யுளும் சுற்றுகிறது. செவ்வகத்தின் நீண்ட பக்கத்தில் எட்டில் ஒன்றைத் தள்ளி, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம், அதாவது மூலைவிட்டம். 3, 4 போட்டால் 5 வரும். 5, 12 போட்டால் 13. பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதோடு விடாதே, 7, 24 கொடு. 25 வர வேண்டிய இடத்தில் 24.5 வரும். அதற்காகக் கேலியும் வேண்டாம். எதுவரைக்கும் சரியாக வருகிறது என்று பார்க்கச் சொல்.

பௌதாயனரின் சுல்ப சூத்திரம் யாக மேடைக்குக் கயிறு பிடித்தவர்களின் கணக்கு. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றைக் கூட்டு. அந்த மூன்றிலொன்றில் கால் பங்கைக் கூட்டு. அந்தக் கால் பங்கில் 34இல் ஒன்றைக் கழி. சதுரத்தின் மூலைவிட்டம் வரும். 12 செ.மீ. சதுரத்துக்குப் போடு: 12, 4, 1, மொத்தம் 17. அதில் 1/34 போக வேண்டும். ஸ்கேல் வைத்தால் 17 என்றுதான் காட்டும், இந்தத் துணுக்கு கண்ணில் படாது. பிறகு எதற்குக் கழித்தார்கள்? 17ஐ 17ஆல் பெருக்கினால் 289. வேண்டியது 144இன் இரு மடங்கு, 288. கூடுதலாக உள்ள ஒன்றைக் குறைக்க, இரண்டு ஓரத்திலும் 17 நீளத்துக்கு மெல்லிய பட்டை சீவ வேண்டும். இரண்டு 17, 34. இந்த வழியாகத்தான் அந்த எண் வந்திருக்கலாம்.

"அப்ப இது சரியான விடையா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கரும்பலகைக்குக் கூப்பிட்டு, 17இல் 1/34 போக மீதியை வர்க்கப்படுத்தச் சொல். 288க்கு மேல் 1/1156 ஒட்டிக்கொண்டு நிற்கும், ஏனென்றால் மூலையில் இரண்டு பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. இன்னொரு தடவை சீவட்டுமா என்று கேட்டால் சீவட்டும். விகிதமுறா எண்ணை அடுத்த வாரம் ஆரம்பித்துக்கொள்ளலாம்.