வீடியோவை எங்கே ஏற்றுவது?

ப்ராஜெக்டுக்கு எடுத்த குறும்படத்தை எங்கே போடுவது? யூட்யூப் என்பார்கள். சரிதான். காசு கிடையாது, 'அன்லிஸ்டட்' என்று போட்டால் சுட்டி கிடைத்தவர் மட்டும் பார்க்கலாம். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் மட்டும் கன்டென்ட் ஐடி மாட்டிவிடும் (2007-லிருந்து அதற்கு இதே வேலை!).

ஆனால் யார் கணக்கில் ஏற்றுவது என்பதுதான் பெரிய சங்கதி. கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் ஏற்றினால், படிப்பு முடிந்து அதை மூடும்போது படமும் போச்சு. சில சமயம் தளமே போய்விடும். 2005-ல் வந்த கூகுள் வீடியோ, 2009-ல் புதிதாக ஏற்றுவதை நிறுத்தி, 2012-ல் மூடப்பட்டது. இத்தனைக்கும் கூகுளின் சொந்தச் சரக்கு!

ஐந்து பேர் எடுத்த படமா, மூலக்கோப்பு ஐந்து பேரிடமும் இருக்கட்டும். எடிட் செய்தவன் மடிக்கணினியை ஃபார்மட் பண்ணுவதற்குள் பென் டிரைவோடு போய் வாங்கிடுங்க.