எங்கள் ஜீப்புக்கு இடுப்பு வைத்தியம்

திருவொற்றியூரிலிருந்து மணலி வழியாகப் பொன்னேரி நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? போகாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் உரத் தொழிற்சாலை, நடுவே எண்ணூர்த் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆண்டார்குப்பம் பக்கம் லாரிகள் நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பில் வைத்ததை மறந்துவிட வேண்டியதுதான்!

இந்த இரைச்சலைத் தாண்டினால் மணலி புதுநகர். பெருநகர வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்து உண்டாக்கிய ஊர். தெருக்கள் நேர்நேராக இருக்கும். தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய. அவர்கள் கட்டிய அய்யா வைகுண்டர் தர்மபதி இங்கே பெயர் பெற்றது. புரட்டாசித் திருவிழாவுக்குப் பத்து நாளும் ஊர் ஜே ஜே என்று இருக்கும். என் மூத்த மகளைக் கொடுத்திருப்பதும் இந்த ஊரில்தான்.

ஆனால் போன முறை நாங்கள் போனது மகளைப் பார்க்க அல்ல. எங்கள் ஜீப்பின் இடுப்பைப் பார்க்க!

இவர் வைத்திருப்பது பழைய மகிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப். என் சின்ன மகளைவிட அதற்கு வயது அதிகம். "இரும்புக் கடைக்குப் போடுங்க" என்று நானே பலமுறை சொன்னதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் வாயை அடைத்தது அந்த ஜீப்தான். கொசஸ்தலை ஆற்றிலும் புழல் உபரிக் கால்வாயிலும் வெள்ளம் பெருகி, மணலி புதுநகர் தெருக்களில் தண்ணீர் நின்றது. மகள் கைக்குழந்தையோடு மாடியில். எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, மீனவர் வலைகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்துப்போன நாட்கள் அவை. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் இவரும் மாப்பிள்ளையும் ஜீப்பை எடுத்துப் போய், மகள், குழந்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி, இன்னும் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழியில் தண்ணீருக்குள் மறைந்திருந்த ஒரு பள்ளத்தில் பின் சக்கரம் 'தடார்' என்று இறங்கி ஏறியதாம்.

அதிலிருந்துதான் கோளாறு ஆரம்பம். கிளட்சை விட்டால் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். நேராக ஓட்டினாலும் வண்டி நண்டு மாதிரி சற்றுச் சாய்ந்தே ஓடியது. பின் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தது. பக்கத்தில் ஒரு பட்டறையில் காட்டினார், அங்கே ஏதோ ஒட்டவைத்துக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் பழைய சத்தம் திரும்பிவிட்டது. ரண்டாவது பிரசவத்துக்கு மகளை அந்த வண்டியில்தான் கூட்டிவர வேண்டும். சரியாகாவிட்டால் நான் ஏறவும் மாட்டேன், பிள்ளையை ஏற்றவும் விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னதுதான் மணலி புதுநகர் சாலையோரத்து லாரிப் பட்டறை.

தகரக் கூரை, மண்ணெல்லாம் கரிய கிரீஸ். மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, "உட்காருங்கம்மா, காட்டறேன்" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். ஏன், நாம் பார்க்கக் கூடாதா?

ஜீப்பின் பின் அச்சுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை இருக்கிறதே, அதுதான் டிஃபரன்ஷியல். 'கிரவுன்' என்பது பட்டறைப் பெயர். திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள் சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டுமல்லவா? அந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்வது இது. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளில் இந்த உருண்டையை ரப்பர் புஷ் வைத்த தாங்கிகளால் சட்டத்தில் தொங்கவிட்டிருப்பார்களாம். நம் ஜீப்பில் அது அச்சோடு சேர்ந்தது. அச்சின் மேல் இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்த மணை மாதிரி ஒரு பீடம், அதன்மேல் ஸ்பிரிங் பட்டைகள், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட்டுகள். அந்தப் பீடம் இடது பக்கம் வளைந்து, ஓரத்தில் முடி போல வெடித்திருந்தது.

அவ்வளவு தடி இரும்பு எப்படி வளையும் என்று கேட்டேன். மேஸ்திரி சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். திருகுப் பிடி வைத்த முறுக்குக் குழலில் பிடியைத் திருப்பினால் குழலும் சேர்ந்து சுற்றப் பார்க்கும், இல்லையா? இன்னொரு கையால் அழுத்திப் பிடிக்கிறோம். அதேபோல எஞ்சின் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தும் கைதான் அந்தப் பீடமும் பட்டையும். போல்ட் தளர்ந்து, துருவும் பிடித்து, மேலே பத்துப் பேர் பாரமும் சேர்ந்து பள்ளத்தில் விழுந்தால் கை சுளுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

அவர் வேலை செய்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. வந்ததும் வராததுமாக வெல்டிங் கட்டையைத் தூக்கவில்லை. தரையைச் சமமாக்கி, தூக்குக் குண்டு விட்டு, முன்னிருந்து பின் அச்சு வரை குறுக்காகவும் நேராகவும் அளந்தார். இரண்டு பக்கத்துக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம்! பேட்டரி வயரைக் கழற்றி, பிரேக் குழாயை ஒதுக்கி, ஆயிலை இறக்கினார். அது பால் விட்ட காப்பி மாதிரி வந்தது. வெள்ளத்துத் தண்ணீர் கலந்ததன் அடையாளம். சூடான அச்சு சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம்.

வளைந்த பீடத்தைச் சூடுகாட்டித் தட்டி நிமிர்த்தலாமே என்றார் இவர். மேஸ்திரி ஒப்பவில்லை. "ஒருவாட்டி வெடிச்சது சார், மறுபடி அங்கதான் வெடிக்கும்." கிரைண்டரால் அறுத்தெடுத்துவிட்டுப் புதுப் பீடத்தைப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து நிறுத்தி, மறுபடியும் அளந்து, சாய்வு பார்த்து, பிறகுதான் முழுக்கப் பிடித்தார். அதையும் ஒரே மூச்சில் அல்ல. இந்தப் பக்கம் இரண்டு விரற்கடை, அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை, நடுவில் ஆறவிடுவார். ஒரே பக்கம் சூடேறினால் அச்சுக் குழாயே வில்லாக வளைந்துவிடுமாம். முட்டுக்கொடுக்க இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு. அதன் மூலைகளை உரசி உருட்டிவிட்டார், கூர் மூலையில்தான் வெடிப்பு தொடங்குமாம். நடு உருண்டையைத் தொடவேயில்லை. வார்ப்பு இரும்பில் சும்மா வெல்டிங் வைத்தால் ஆறும்போது விரிசல் விடும்.

"இன்னும் தடிமனாப் போட்டா இன்னும் பலம்தானே?" என்றேன்.

"இல்லம்மா. இங்க ரொம்பக் கெட்டியாக்கிட்டா அடுத்தாப்ல இருக்கிற குழாய் வளையும். முன்ன இருந்த அளவுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்."

பழைய யு போல்ட்டுகளைத் துடைத்துத் திரும்பப் போடலாமா என்று இவர் பார்த்தார் (ஆண்களுக்கு எதில் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்றே தெரியாது). ஒருமுறை இறுக்கி இழுபட்டது சரியாகப் பிடிக்காது என்று மேஸ்திரி புதிதாகவே வாங்கச் சொன்னார். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, பாரம் தரையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு. புது கியர் ஆயில் ஊற்றி, மூச்சுக்குழாயைச் சுத்தம் பண்ணினார்.

இன்னொரு விஷயம். பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பழுது பார்ப்பது வேறு, வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு அனுமதி வேண்டும். அதனால் வண்டியைத் தூக்கிக் கட்டும் ஆசையெல்லாம் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

வேலை முடிய ஒன்றரை நாள். முதல் நாள் ராத்திரி மகள் வீட்டில் தங்கிக்கொண்டோம். செலவு ஒரு கிராம் தங்கத்தின் விலைக்குக் கொஞ்சம் மேலே. மறுநாள் மாலை அதே பொன்னேரி சாலையில், அதே லாரிகளுக்கு நடுவே திரும்பினோம். 'டக்' இல்லை. என் இடுப்புக்கும் குலுக்கல் குறைவு. மேஸ்திரி ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வரச் சொல்லியிருக்கிறார். அந்த மீட்டர் எண்ணைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.