புல்லும் பசளையும்

அப்டன் பார்க் குயின்ஸ் சந்தையிலே கீரைக்கட்டுடன் நின்றபோது, வன்னியிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான். இரு பசுக்களுக்காக நேப்பியர்ப் புல் நட்டிருக்கிறானாம். யூரியா வாங்கப் பணம் வேண்டுமாம்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. போர்க்காலத்தில் தடைசெய்யப்பட்டிருந்த யூரியா, 2002இல் தடை தளர்ந்தபின் வன்னியை வந்தடைந்தது. வரலாறு கற்பித்த நான், அதில் 46 வீதம் நைதரசன் உண்டென்று படித்துவிட்டு அம்மாவின் புற்பாத்தியில் அள்ளித் தூவினேன். மழை பிந்தியது, புல் வாடியது. பின்னர் ஒரு தூறலுக்குக் கரும்பச்சையாய்த் தழைத்தது. உடனே அறுத்துப் போட்டேன். மாலையில் சிவலைப்பசு மூச்சுத்திணறிச் சாய்ந்தது.

வறட்சியில் வளர்ச்சி தடைப்பட்ட புல், உறிஞ்சிய நைதரசனை நைத்திரேற்றாகத் தண்டிலே தேக்கிவைக்கும். அது இரைப்பையில் நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவைக் கெடுக்கும். மிருக வைத்தியர் இதை விளக்கியபோது அம்மாவும் நானுமே அருகில் நின்றோம். அம்மா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் பணம் அனுப்பிவிட்டுத் தம்பியிடம் யாவும் கூறினேன். “ஈரநிலத்தில் சிறிது சிறிதாகப் போடு. மூன்று வாரமாவது கழித்து அறு” என்றேன்.

சற்று மௌனமானான்.

“அக்கா, சிவலையைப் பாம்பு தீண்டினதெண்டல்லோ அம்மா எங்களுக்குச் சொன்னவ?”